கார்ப் பெயின்ட்டும் சிறுமாதிரியும்: மும்பைச் சூழலில் தின்னர் கலப்பு பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வின் பொருள்

மோட்டார் வாகனங்களுக்கென்று தயாரிக்கப்படும் ஸ்பிரே பெயின்ட்டை ஏர்பிரஷ் என்னும் சிறு தெளிப்பான் வழியே அடிக்கத்தக்க அளவுக்கு நீர்க்கச் செய்து, பிளாஸ்டிக் சிறுமாதிரிகளுக்கு, அதாவது ஸ்கேல் மாடல்களுக்கு, வண்ணம் பூசும் வழக்கம் உலகெங்கும் உள்ளது. கார்ப் பெயின்ட் இரும்புத் தகட்டுக்காக உருவானது. அதை அடிக்கும் கேரேஜ் துப்பாக்கியின் துளை ஏறத்தாழ 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் அகலமுடையது. சிறுமாதிரியோ பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்னும் மென்மையான பிளாஸ்டிக்கால் ஆனது, ஏர்பிரஷின் துளையோ 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரையே இருக்கும். ஒன்றுக்காகச் செய்யப்பட்ட பொருளை மற்றொன்றுக்குக் கொண்டுவரும்போது என்ன மாறுகிறது, எதை மாற்ற வேண்டும், எந்த வகைப் பெயின்ட்டைத் தொடவே கூடாது என்ற கேள்விகளுக்கு நடைமுறையில் கிடைக்கும் விடைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அவற்றை வேதியியல் அடிப்படையிலும் மும்பையின் தட்பவெப்பம், வீட்டமைப்பு, சந்தை ஆகியவற்றின் அடிப்படையிலும் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தின்னர் கலப்பதைப் பெயின்ட்டை நீர்க்கச் செய்யும் எளிய வேலையாகக் கருதுவதிலிருந்தே பெரும்பாலான தோல்விகள் தொடங்குகின்றன. தின்னர் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் பெயின்ட்டிலுள்ள பிசின், அடியிலுள்ள பிளாஸ்டிக், சுற்றியுள்ள காற்று ஆகிய மூன்றோடும் புதிய உறவு ஏற்படுகிறது. அம்மூன்றில் ஒன்றைக் கணக்கில் எடுக்கத் தவறினாலும் சரியான விகிதம் பிழையான விளைவையே தரும்.

கார்ப் பெயின்ட்டை நாடும் காரணங்கள்

மும்பையின் அன்றாட வாழ்வைச் சிறுமாதிரியாக வடிக்க விரும்புவோர் முதலில் நாடும் வாகனங்கள் இந்நகரிலேயே உருவாகி, இந்நகரிலேயே வண்ணம் பெற்றவை. குர்லாவிலிருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில் தயாரான பத்மினி கார், கறுப்பு உடலும் மஞ்சள் கூரையுமாகக் காலி-பீலி டாக்ஸியாக நெடுங்காலம் ஓடியது. 2003 அக்டோபர் 29 அன்று பதிவான கடைசி பத்மினி டாக்ஸியின் இருபதாண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் 30 முதல் அவ்வகை வண்டி டாக்ஸியாக ஓடுவது நின்றது. அதற்கு முந்தைய மாதம், செப்டம்பர் 15 அன்று, 1937 முதல் நகரில் ஓடிவந்த பெஸ்ட் நிறுவனத்தின் இரட்டை மாடிப் பேருந்துகளில் டீசலில் இயங்கியவை விடைபெற்றன. மாட்டுங்காவில் 1915 முதல் இயங்கும் மத்திய ரயில்வேயின் பெட்டிப் பணிமனையிலோ புறநகர் ரயில் பெட்டிகள் இன்றும் பழுது நீங்கிப் புது வண்ணம் பூண்டு வெளிவருகின்றன. இந்த வாகனங்களின் மஞ்சளும் சிவப்பும் வெளிநாட்டுச் சிறுமாதிரிப் பெயின்ட் நிறுவனங்களின் வண்ணப் பட்டியலில் அதே சாயலில் கிடைப்பது அரிது. வண்ணத்தைக் கணினி வழியாகக் கலந்து சிறு டப்பாவில் தரும் கார்ப் பெயின்ட் கடையில் அவற்றை நெருங்கிய சாயலில் பெற முடியும்.

இரண்டாவது காரணம் கிடைக்கும் தன்மையும் விலையும் ஆகும். தீப்பற்றும் பெயின்ட்டும் அழுத்த டப்பாக்களும் விமான அஞ்சலில் அனுப்பத் தடை செய்யப்பட்டவை என்பதால் ஜப்பானிய அல்லது ஐரோப்பிய லாக்கர் பெயின்ட்டுகள் இந்தியாவுக்கு வருவது கடினமாகிறது, வந்தாலும் விலை உயர்ந்துவிடுகிறது. மும்பையோ இந்தியப் பெயின்ட் தொழிலின் தாய்வீடுகளுள் ஒன்று. இன்று கன்சாய் நெரோலாக் என்று அறியப்படும் நிறுவனம் 1920இல் லோயர் பரேலில் கஹகன் பெயின்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. ஏஷியன் பெயின்ட்ஸ் 1942இல் இந்நகரிலேயே பிறந்தது. செம்பூரை ஒட்டிய மாஹுலில் 1950களின் நடுவில் எழுந்த இரு பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளும் இன்றுவரை நகரின் அடையாளமாக நிற்கின்றன. தின்னரின் முதன்மைப் பொருள்களுள் ஒன்றான டொலுயீன் இத்தகைய பெட்ரோலியத் தொழிலின் விளைபொருளே ஆகும்.

டப்பாவுக்குள் இருக்கும் பெயின்ட்டின் வகைகள்

பெயின்ட் பொதுவாக நான்கு கூறுகளால் ஆனது: படலமாக உறையும் பிசின், நிறம் தரும் நிறமித்துகள், இரண்டையும் ஓட வைக்கும் கரைப்பான், ஓட்டத்தையும் பளபளப்பையும் சீர்செய்யும் சேர்க்கைப் பொருள்கள். கார்ப் பெயின்ட் என்ற ஒரே பெயரின் கீழ் விற்கப்படுபவை பிசின் வகையால் நான்காகப் பிரிகின்றன. தின்னரைத் தேர்வு செய்யுமுன் கையிலுள்ளது அவற்றுள் எது என்பதை உறுதிசெய்துகொள்வது கட்டாயமாகும்.

முதலாவது என்.சி. எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். டூபான்ட் நிறுவனம் டூகோ என்ற பெயரில் வெளியிட்ட இவ்வகை லாக்கரை ஜெனரல் மோட்டார்ஸ் 1923இல் ஓக்லாந்து கார்களுக்குப் பூசியது. அதுவரை நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், உலர்ந்த கார்ப் பூச்சு மணிக்கணக்கில் உலரத் தொடங்கியது. இந்தியக் கேரேஜ்களில் இன்றும் டூகோ அடிப்பது என்றால் என்.சி. பெயின்ட்டை ஸ்பிரே செய்வது என்றே பொருள்படுகிறது. இரண்டாவது அக்ரிலிக் லாக்கர். ஸ்பிரே டப்பாக்களில் வரும் பெயின்ட்டுகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. இவ்விரண்டும் கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்பவை, ஆகையால் உலர்ந்த பிறகும் அதே கரைப்பானில் மீண்டும் கரையும்.

மூன்றாவது சிந்தெடிக் எனாமல். ஆல்கைடு பிசினால் ஆன இப்பெயின்ட் கரைப்பான் ஆவியான பின்னும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து பல நாள்களில் இறுகுவது. நான்காவது, கெட்டியாக்கியைத் தனியே கலந்து அடிக்கும் இருகூறு பாலியூரித்தேன், அதாவது கேரேஜ் வழக்கில் பி.யூ. அல்லது 2கே. இதன் கெட்டியாக்கியில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. வண்ணக் கலப்புக் கடைகள் தரும் பேஸ்கோட் பல வேளைகளில் கெட்டியாக்கி சேராத ஒருகூறுப் பெயின்ட்டாகவும், அதன்மேல் அடிக்கும் கிளியர்கோட் மட்டும் இருகூறாகவும் இருக்கின்றன. பேஸ்கோட்டை மட்டும் வாங்கி, அதன்மேல் ஒருகூறு லாக்கர் கிளியரைப் பூசும் சிறுமாதிரிக் கலைஞர் நிறத்தின் துல்லியத்தையும் பெறுகிறார், ஐசோசயனேட்டையும் தவிர்க்கிறார். எனினும் தாம் வாங்கும் பேஸ்கோட் கெட்டியாக்கி வேண்டாத வகையே என்பதைக் கடையில் கேட்டு உறுதிசெய்துகொள்வது அவருடைய பொறுப்பு.

தின்னரின் உள்ளமைப்பு

லாக்கருக்கான தின்னர் தனிப்பொருள் அன்று, மூவகைத் திரவங்களின் கலவை. பிசினைத் தானே கரைக்கும் வினைக் கரைப்பான்கள் முதல் வகை. என்.சி. பிசினைப் பொறுத்தவரை எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற எஸ்டர்களும் அசிட்டோன், எம்.இ.கே. போன்ற கீட்டோன்களும் இதில் அடங்கும். தனியே கரைக்கும் வலிமை குறைந்திருந்தும் வினைக் கரைப்பானோடு சேரும்போது அதற்குத் துணைபுரியும் ஆல்கஹால்கள் இரண்டாம் வகை. பிசினைக் கரைக்க இயலாமல் பருமனை மட்டும் கூட்டி விலையைக் குறைக்கும் டொலுயீன் போன்ற ஹைட்ரோகார்பன்கள் மூன்றாம் வகையாகிய நீர்ப்பான்கள்.

இம்மூன்றின் விகிதம் ஓர் எல்லைக்குள் இருக்கும்வரை பிசின் கரைந்த நிலையில் இருக்கும். நீர்ப்பான் அளவு மீறினால் பிசின் திரண்டு நூல்போலும் கட்டிபோலும் பிரிந்துவிடும். கேரேஜ் துப்பாக்கிக்குச் சம அளவு தின்னர் சேர்க்கும்போது வெளிப்படாத இக்குறை, ஏர்பிரஷுக்காக இரண்டு மூன்று மடங்கு சேர்க்கும்போது வெளிப்பட்டுவிடுகிறது. மலிவான தின்னரில் நீர்ப்பான் மிகுந்திருக்கலாம் என்பதும், தின்னரின் அளவு கூடக் கூட அதன் உள்ளமைப்பே கலவையின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பதும் இதற்குக் காரணம். கார்ப் பெயின்ட்டை மலிவாக வாங்கினாலும் தின்னரை மலிவாக வாங்கலாகாது என்ற முடிவு இதிலிருந்து பெறப்படுகிறது. வாங்கிய தின்னரைச் சோதிக்க, ஒரு பங்கு பெயின்ட்டில் நான்கு பங்கு தின்னரைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கண்ணாடிக் குப்பியில் ஓரிரவு வைத்துப் பார்ப்பது போதும். அடியில் நிறமி மட்டும் படிந்து, கிளறியதும் கலந்துவிட்டால் தின்னர் ஏற்றது. பிசுபிசுத்த கட்டிகள் தென்பட்டால் அது அந்தப் பெயின்ட்டுக்கு ஏற்றதன்று.

தின்னர்களை மாற்றிப் பயன்படுத்துவதிலும் கவனம் தேவை. என்.சி. தின்னரிலுள்ள ஆல்கஹால் ஐசோசயனேட்டோடு வினைபுரியும் என்பதால் அதை 2கே பெயின்ட்டில் கலக்கலாகாது. சிந்தெடிக் எனாமலைக் கரைக்கும் மினரல் டர்பன்டைன் என்.சி. பிசினைக் கரைக்காது. எனாமல் பூச்சின்மேல் லாக்கரை அடித்தால் லாக்கரின் கரைப்பான் முழுதும் இறுகாத எனாமலை ஊறவைத்துச் சுருக்கி எழுப்பிவிடும். நன்கு உலர்ந்த லாக்கரின்மேல் எனாமலை அடிப்பதில் இத்தகைய ஆபத்து இல்லை.

பாலிஸ்டைரீன் தாங்கும் எல்லை

கார்ப் பெயின்ட் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. ஒரு திரவம் ஒரு பிசினைக் கரைக்குமா என்பதை மதிப்பிட வேதியியலார் பயன்படுத்தும் கரைதிறன் அளவெண்ணின்படி, பாலிஸ்டைரீனின் மதிப்பு ஏறத்தாழ 18.5, டொலுயீனின் மதிப்பு 18.2, எத்தனாலின் மதிப்பு 26. இரு பொருள்களின் மதிப்புகள் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவுக்குக் கரைதல் எளிதாகும். தின்னரின் மிகுதியான பகுதியாக இருக்கும் டொலுயீனும் எஸ்டர்களும் பாலிஸ்டைரீனின் எண்ணை ஒட்டியே நிற்கின்றன என்பதால், தின்னரில் தோய்த்த பாலிஸ்டைரீன் உதிரி உருக்குலைவது இயல்பு. அக்ரிலிக் தகடு, ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கும் இவ்வபாயம் உண்டு. அச்சுவார்ப்பு உலோகத்தாலான டைகாஸ்ட் கார்களுக்கு இல்லை.

ஆயினும் கரையும் திறனும் கரையும் நேரமும் வேறுவேறு. ஸ்பிரே டப்பாவிலிருந்து நேரடியாக அடிக்கும்போது ஈரமான தடித்த படலம் விழுந்து, கரைப்பான் சில நிமிடங்கள் பிளாஸ்டிக்கின்மேல் தங்குகிறது. அந்நேரத்தில் மேற்பரப்பு மென்மையாகி, அச்சுவார்ப்பின்போது இறுக்கம் தேங்கிய இடங்களில் நுண்வெடிப்புகள் தோன்றுகின்றன. அதே பெயின்ட்டை ஏர்பிரஷில் மெல்லிய தூவலாக அடித்தால், கரைப்பானின் பெரும்பகுதி பறக்கும் வழியிலேயே ஆவியாகி, எஞ்சியதும் விழுந்த சில நொடிகளில் போய்விடுகிறது. அதிகத் தின்னர் சேர்த்த பெயின்ட் குறைவாகத் தின்னர் சேர்த்த பெயின்ட்டைவிடப் பிளாஸ்டிக்குக்குக் குறைந்த தீங்கு செய்வது இதனாலேயே. பரப்பை மிகச் சிறிதளவு மட்டும் கடிப்பது நன்மையும்கூட. லாக்கர் பாலிஸ்டைரீனைப் பற்றிக்கொள்ளும் உறுதியை நீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டுகள் எட்டுவதில்லை.

இந்த நன்மையைப் பெற்றுத் தீங்கைத் தவிர்க்கும் முறையாக அனுபவசாலிகள் கைக்கொள்வது, சிறுமாதிரிக்கென்று தயாரித்த பிரைமரை முதலில் மெல்லிய இரண்டு மூன்று பூச்சாக அடித்து முழுதும் உலரவிட்டு, அதன்மேல் கார்ப் பெயின்ட்டைத் தூவல், அரை ஈரம், ஈரம் என்ற வரிசையில் ஏற்றுவதாகும். பிரைமரும் லாக்கராக இருந்தால் அது கரைப்பானை முழுதும் தடுத்துவிடாது, தாமதப்படுத்தவே செய்யும். எனவே பிரைமர் இருக்கிறது என்ற துணிவில் முதல் பூச்சையே ஈரமாக அடிப்பது தவறாகும். ஒளிபுகும் கண்ணாடி உதிரிகளை இம்முறைக்கு உட்படுத்தாமல் விடுவதே நல்லது.

ஸ்பிரே டப்பாவிலிருந்து பெயின்ட்டை இறக்குதல்

நார்வே நாட்டுப் பொறியாளர் எரிக் ரோத்தெய்ம் 1920களில் உருவாக்கிய அழுத்தத் தெளிப்பு டப்பாவில் பெயின்ட்டை அடைத்து 1949இல் வெற்றி கண்டவர் அமெரிக்கரான எட்வர்ட் சீமூர். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் குளோரோஃபுளோரோகார்பன்கள் விலக்கப்பட்டு, இன்று புரொப்பேன், பியூட்டேன் அல்லது டைமெத்தில் ஈதர் உந்துவாயுவாக இருக்கின்றன. இவை டப்பாவுக்குள் திரவ நிலையில் பெயின்ட்டோடு கலந்தே இருக்கின்றன என்பதிலிருந்தே பெயின்ட்டை இறக்கும் முறையின் விதிகள் அனைத்தும் பிறக்கின்றன.

டப்பாவை நன்கு குலுக்கி நிறமியைக் கலக்கிய பின், மூடிய நிலையிலேயே குளிர்ந்த நீரில் வைத்து உள்ளழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பிறகு முனையில் ஓர் உறிஞ்சுகுழலைப் பொருத்தி, கண்ணாடிக் குப்பியின் உட்சுவரை நோக்கிச் சிறுசிறு அழுத்தங்களாகப் பெயின்ட்டை இறக்க வேண்டும். தெர்மோகோல் கோப்பையும் பாலிஸ்டைரீன் கோப்பையும் கரைந்துவிடும் என்பதால் விலக்கத்தக்கவை. டப்பாவைத் துளையிட்டுத் திறப்பது எந்நிலையிலும் கூடாது. இறக்கிய பெயின்ட் நுரைத்துக் கொதிப்பதற்குக் காரணம் வெப்பம் அன்று. சாதாரண அழுத்தத்தில் கொதிநிலை டைமெத்தில் ஈதருக்கு சுழியத்துக்குக் கீழ் 25 டிகிரி செல்சியஸாகவும், புரொப்பேனுக்கு சுழியத்துக்குக் கீழ் 42 டிகிரியாகவும் இருப்பதால் கரைந்திருந்த வாயு வெளியேறுகிறது. குப்பியை இறுக மூடினால் அழுத்தம் சேர்ந்து வெடிக்கக்கூடும். துளையிட்ட அலுமினியத் தாளால் வாயை மூடி, சில மணி நேரமோ ஓரிரவோ காற்றோட்டமான இடத்தில் வைத்து, இடையிடையே மெதுவாகக் கிளற வேண்டும். குமிழி எழுவது முற்றும் நின்ற பிறகே பெயின்ட் ஏர்பிரஷுக்குத் தகுதி பெறுகிறது. அதற்கு முன் அடித்தால் கிண்ணத்திலேயே நுரைக்கும், மாதிரியின்மேல் ஊசிமுனைக் குழிகள் விழும்.

டைமெத்தில் ஈதர் உந்துவாயுவாக மட்டுமன்றிக் கரைப்பானாகவும் பணியாற்றுவது. அது வெளியேறிய பின் பெயின்ட் சற்றே கெட்டியாகிறது, கலவையின் கரைக்கும் வலிமையும் குறைகிறது. இந்நிலையில் தின்னர் தேவைப்பட்டால் வினைக் கரைப்பான் மிகுந்த நல்ல லாக்கர் தின்னரைச் சேர்ப்பதே ஏற்றது, நீர்ப்பான் மிகுந்த மலிவுத் தின்னர் இங்குதான் பிசினைத் திரளச் செய்கிறது. ஆவியாகும் வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோரமாகப் பரவிச் சமையலறை அடுப்பையோ பூஜை விளக்கையோ சென்றடையும். ஆகவே இவ்வேலை வீட்டின் உட்பகுதிக்கு உரியதன்று. வாயு வெளியேறும் குப்பியை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது, அப்பெட்டியின் மின்பொறிகளால் வெடிப்புக்கு வழிவகுக்கும்.

விகிதமும் அழுத்தமும்

பெயின்ட் நிறுவனங்கள் பாகுநிலையை நொடிகளில் குறிப்பிடுகின்றன. பி4 கப் எனப்படும் அடித்துளைக் கிண்ணத்தை நிரப்பி, 30 டிகிரி செல்சியஸில் பெயின்ட் வடிய எடுக்கும் நேரமே அந்த அளவு. இவ்வகைக் கிண்ணங்களுக்கு ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் பெயின்ட் தேவைப்படுவதால், ஒரு வேளைக்குப் பத்து மில்லிலிட்டர்கூடக் கலக்காத சிறுமாதிரிக் கலைஞருக்கு அம்முறை உதவுவதில்லை. கலவையைக் குப்பியின் சுவரில் ஏற்றி இறங்கவிடும்போது அது காய்ச்சாத பால் போல ஓடி, பின்னால் மெல்லிய நிறத்திரையை விட்டுச் சென்றால் போதும் என்பதே அவருக்குரிய நடைமுறை அளவு.

தொடக்கத்துக்கு வேண்டிய எண்களை இவ்வாறு தொகுக்கலாம். டப்பாவிலிருந்து இறக்கிய பெயின்ட் வாயு நீங்கிச் சற்றே கெட்டியான பின்னும் நீர்த்ததே, எனவே அதற்குக் கூடுதல் தின்னர் தேவையில்லாமலும் போகலாம், தேவைப்பட்டாலும் அரைப் பங்குக்குள் முடிந்துவிடும். தகர டப்பாவில் வரும் என்.சி. பெயின்ட்டுக்கு 0.3 மில்லிமீட்டர் துளையில் ஒன்றரை முதல் இரண்டு பங்கும், 0.2 மில்லிமீட்டர் துளையில் மூன்று பங்கு வரையும் தின்னர் வேண்டும். மெட்டாலிக் பெயின்ட்டுக்கு 0.4 மில்லிமீட்டருக்குக் குறையாத துளையே தகும். காற்றழுத்தம் 1 முதல் 1.4 பார், அதாவது 15 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம். இவை முடிந்த விதிகள் அல்ல, பயன்படாத பிளாஸ்டிக் துண்டில் சோதனையைத் தொடங்க உதவும் எண்கள் மட்டுமே. பரப்பு ஆரஞ்சுத் தோலைப் போலக் குழிகுழியாக அமைந்தால் தின்னர் போதவில்லை அல்லது அது விரைந்து ஆவியாகிறது என்றும், சொரசொரப்பாக இருந்தால் துளிகள் வழியிலேயே உலர்ந்து விழுகின்றன என்றும், சிலந்திக் கால்கள்போல் பெயின்ட் சிதறினால் தின்னரோ அழுத்தமோ மிகுந்துவிட்டது என்றும் கொள்ள வேண்டும்.

மழைக்காலமும் வெண்படலமும்

மும்பையில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை, ஆனால் ஈரப்பதம் மாறுகிறது. லாக்கர் வேலையின் வெற்றி தோல்வியை இங்கே முடிவு செய்வது அதுவே. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் படலம் குளிர்கிறது. அவ்வெப்பநிலை காற்றின் பனிநிலைக்குக் கீழே இறங்கினால் நீராவி படலத்தின்மேல் நுண்துளியாகப் படிந்து, பிசினைத் திரளச் செய்து, பளபளப்பான கறுப்பையும் சாம்பல் பூத்த வெண்படலமாக்குகிறது. காற்று 28 டிகிரி செல்சியஸாகவும் ஈரப்பதம் 50 விழுக்காடாகவும் இருந்தால் பனிநிலை 16.6 டிகிரி. எனவே படலம் பதினொரு டிகிரிக்கு மேல் குளிர்ந்தால்தான் இக்கேடு நேரும். அதே வெப்பநிலையில் ஈரப்பதம் 85 விழுக்காடானால் பனிநிலை 25.2 டிகிரியாக ஏறிவிடுகிறது, மூன்று டிகிரி குளிர்ந்தாலே கேடு தொடங்கிவிடும். பிப்ரவரி பிற்பகலில் குறையின்றி அமைந்த கலவை ஜூலையில் அதே கையில், அதே விகிதத்தில் தவறிப்போவதை இக்கணக்கு விளக்குகிறது.

இதற்கு மருந்து தின்னரின் அளவைக் கூட்டுவதன்று, அதன் வேகத்தைக் குறைப்பது. அசிட்டோன் 56 டிகிரியிலும், எத்தில் அசிட்டேட் 77 டிகிரியிலும், பியூட்டைல் அசிட்டேட் 126 டிகிரியிலும், பியூட்டைல் செல்லோசால்வ் 171 டிகிரியிலும் கொதிக்கின்றன. கொதிநிலை உயர்ந்த கரைப்பான்களைக் கொண்ட ரிடார்டரைச் சிறிதளவு, பொதுவாகத் தின்னரில் ஐந்து முதல் பத்து விழுக்காடு, சேர்த்தால் படலம் மெதுவாகக் குளிர்வதோடு, படிந்த ஈரம் வெளியேறவும் நேரம் கிடைக்கிறது. ஆனால் படலம் ஈரமாக இருக்கும் நேரமும் கூடுவதால் பிளாஸ்டிக்கைக் கடிக்கும் அபாயமும் கூடுகிறது. காற்றுக்காகச் செய்யும் திருத்தத்தைப் பிளாஸ்டிக்குக்காக மெல்லிய பூச்சுகளால் ஈடுகட்ட வேண்டும். மழைக்காலத்தில் கம்ப்ரசரும் நீரை உமிழும். ஈரக் காற்றை அழுத்தினால் நீர் பிரிந்து தொட்டியில் தேங்குவது இயற்கை. நீர்ப்பிரிப்பானைப் பொருத்துவதும் தொட்டியை நாள்தோறும் வடிப்பதும் இங்கே கட்டாயப் பணிகள். குளிர்சாதன அறை ஈரத்தைக் குறைக்கும் என்றாலும், மூடிய அறையில் அதே காற்றைச் சுற்றவிடுவது கரைப்பான் ஆவியை மூச்சுக்குள் சேர்க்கும். ஆகவே வண்ணம் அடிக்கும் இடமாக அதைக் கொள்ள முடியாது.

அளவு சுருங்கும்போது நிறம்

கார் ஒன்றின் முழுப் பூச்சும் சேர்ந்து 100 முதல் 120 மைக்ரான் தடிமன் இருக்கும். அதே தடிமனை 1:24 அளவுள்ள மாதிரியில் ஏற்றினால், உண்மை வண்டியில் ஏறத்தாழ 2.4 முதல் 2.9 மில்லிமீட்டர் பெயின்ட் அப்பியதற்கு ஒப்பாகி, கதவிடுக்குகள் மூடிப்போகின்றன. மெட்டாலிக் பெயின்ட்டின் அலுமினியச் செதில் 20 மைக்ரான் என்று கொண்டால், 1:24 மாதிரியில் அது அரை மில்லிமீட்டர் பளிங்குத் துண்டாகவும், 1:72 மாதிரியில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் துண்டாகவும் கண்ணுக்குத் தோன்றும். பேஸ்கோட் கடையில் எவ்வளவு துல்லியமாகக் கலந்தாலும் மெட்டாலிக் நிறம் சிறிய அளவில் பொய்த்துப்போவது இதனால்தான். தின்னரால் இதைத் திருத்த இயலாது. மெட்டாலிக்குக்குச் சிறுமாதிரிப் பெயின்ட்டையும், திட நிறத்துக்குக் கார்ப் பெயின்ட்டையும் தேர்வதே அறிவுடைமை.

காலி-பீலி டாக்ஸி திட நிறங்களால் ஆனது என்பதால் இம்முறைக்கு மிகவும் ஏற்றது. எனினும் மஞ்சள் நிறமிகள் பலவற்றின் மறைக்கும் திறன் குறைவு. கறுப்பின்மேல் மஞ்சளை ஏற்ற முயன்றால் எண்ணற்ற பூச்சுகள் தேவைப்பட்டு, தடிமன் பெருகி, கரைப்பான் அடிப்பூச்சை மீண்டும் இளக்கும். வெள்ளை அடிப்பூச்சின்மேல் மஞ்சளை முடித்து, அது உலர்ந்த பின் கூரையை ஒட்டுநாடாவால் மூடிக் கறுப்பை அடிப்பதே சரியான வரிசை.

உடல்நலம், சட்டம், கழிவு

நன்கு மறைக்கும் மலிவான மஞ்சளைத் தந்துவந்த நிறமி ஈய குரோமேட். இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் 2017 நவம்பர் 1 முதல் பெயின்ட்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தின. ஆனால் அவ்விதிகள் வீட்டுப் பெயின்ட்டுக்கும் அலங்காரப் பெயின்ட்டுக்கும் உரியவை. வாகன, தொழிலகப் பெயின்ட்டுகள் அவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. தொழிற்கூடத்துக்கென்று விற்கப்படும் பொருள் குழந்தைகள் உறங்கும் அறைக்குள் வந்துசேரும் வாய்ப்பை அவ்விதிகள் கருதவில்லை. ஈயமற்றது என்று உறுதிப்படாத மஞ்சளையும் ஆரஞ்சையும் உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நீர் தொட்டுத் தேய்த்து, கசடைத் துடைத்தெடுப்பதே பாதுகாப்பான வழி. குழந்தைகள் கையாளும் பொம்மைகளுக்கு இப்பெயின்ட்டைப் பூசவே கூடாது.

டொலுயீன் ஆவிக்கு அமெரிக்கத் தொழில்நலவியலார் அமைப்பு பரிந்துரைக்கும் எட்டு மணி நேர வரம்பு பத்து லட்சத்தில் 20 பங்கு மட்டுமே. கொரோனா காலத்தில் வீடுதோறும் வந்த என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. செயலூட்டிய கரி நிரப்பிய, கரிம ஆவிக்கென்று குறிக்கப்பட்ட வடிகலன் உள்ள முகமூடியே வேண்டும். 2கே பெயின்ட்டின் ஐசோசயனேட்டுகளோ மூச்சுக்குழலை நிரந்தரமாக உணர்வேற்றி ஆஸ்துமாவை வருவிக்கக் கூடியவை, முறையான காற்றூட்டக் கருவி இல்லாத வீட்டில் அவற்றை அடிப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. டொலுயீனின் தீப்பற்று நிலை 4 டிகிரி செல்சியஸ் என்பதால் மும்பையின் எந்த நாளிலும் அதன் ஆவி தீப்பற்றும் நிலையிலேயே இருக்கிறது. தாராவியின் ஒற்றை அறை வீட்டில் சமையலும் உறக்கமும் படிப்பும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன, சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் இருக்கிறது. அங்கே இவ்வேலையைச் செய்வது செய்பவரின் துணிவு சார்ந்த செயல் அன்று, பிறர் உயிர் சார்ந்தது. அத்தகைய வீட்டில் வாழும் கலைஞருக்கு ஆல்கஹாலிலோ நீரிலோ கரையும் சிறுமாதிரி அக்ரிலிக்கே உரிய ஊடகம். லாக்கர் வேண்டுமெனில் திறந்த மொட்டை மாடியோ, தெரிந்த கேரேஜின் தெளிப்பிடமோதான் வழி.

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ குப்பையில் எறியப்படும் ஸ்பிரே டப்பா பழைய பொருள் வணிகத்தின் வழியே தாராவியின் மறுசுழற்சிக் கூடங்களை அடையக்கூடும், அங்கே அதை நசுக்குபவரும் வெட்டுபவரும் மனிதர்களே. டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, திறந்தவெளியில் எஞ்சிய வாயுவை முழுதும் வெளியேற்றிய பின்னரே அதைக் கைவிட வேண்டும். கழுவிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றினால் அது மித்தி ஆற்றுக்கும் மாகிம் கழிமுகத்துக்கும் போய்ச் சேரும். மூடிய குப்பியில் தெளியவிட்டு, மேல்நின்ற தின்னரை மீண்டும் கருவி கழுவப் பயன்படுத்தினால் வீணாவது அடியில் தங்கும் கசடு மட்டுமே.

முடிவுரை

கார்ப் பெயின்ட் சிறுமாதிரிக்கு ஆகாது என்ற முடிவும், எந்தத் தின்னரும் போதும் என்ற முடிவும் ஒருங்கே தள்ளத்தக்கவை. ஒருகூறு லாக்கரும் ஒருகூறு பேஸ்கோட்டும், பிசினுக்கேற்ற தரமான தின்னரோடும் மெல்லிய பூச்சுகளோடும் பருவத்துக்கேற்ற வேகத்தோடும் கையாளப்படும்போது, மும்பையின் வாகனங்களுக்கு அவற்றின் சொந்த நிறத்தையே சிறிய அளவில் மீட்டுத்தருகின்றன. எனாமலை அதற்குரிய வரிசையில் பயன்படுத்தலாம். மெட்டாலிக்கைத் தவிர்ப்பது நன்று. இருகூறு பாலியூரித்தேனை வீட்டிலிருந்து முற்றும் விலக்க வேண்டும்.

விகிதங்களை மனப்பாடமாகக் கைமாற்றும் வழக்கத்தைவிட, பெயின்ட்டின் வகை, தின்னரின் பெயர், விகிதம், அன்றைய ஈரப்பதம், விளைவு ஆகியவற்றைச் சோதனைத் துண்டோடு எழுதிவைக்கும் வழக்கம் பயன் மிகுந்தது. டிங்கரிங் பெயின்டிங் கடைகளில் பல்லாண்டு துப்பாக்கி பிடித்தவர்களின் கைப்பழக்கமும் சிறுமாதிரிக் கலைஞரின் நுண்ணளவும் ஒரே பொருளின்மேல் செயல்படும் அறிவுகள், அவை எழுத்தில் சந்தித்தால் இரு தரப்பும் பயன்பெறும். சில்லறையாக விற்கும் தின்னரிலும் அதன் உட்கூறுகள் அச்சிடப்பட வேண்டும், அப்பொருள்களின் பாதுகாப்புத் தாள்கள் அவற்றைக் கையாள்வோர் படிக்கும் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் கிடைக்க வேண்டும், ஈயத்துக்கான வரம்பு வாகனப் பெயின்ட்டையும் தழுவ வேண்டும். இவை சிறுமாதிரிக் கலைஞர்களின் நலனுக்கான கோரிக்கைகள் மட்டும் அல்ல. அதே பெயின்ட்டை நாள் முழுதும் முகமூடியின்றி அடிக்கும் கேரேஜ் தொழிலாளர்களின் உயிர்நலனும் இவற்றோடு பிணைந்தே இருக்கிறது.